கோட்டைக்குள் இருந்தது

மீன் தொட்டியில் கையை விட்டு அந்தப் பிளாஸ்டிக் கோட்டையை அடியோடு தூக்கியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஊறிப்போன பழந்துணியின் நிறம். மேலெல்லாம் பஞ்சு பூத்திருந்தது. விரலால் அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. தொட்டியில் சும்மா சுற்றிச் சுற்றி வருவதாலேயே ‘மேனேஜர்’ என்று பெயர் வாங்கிய தடித்த ஆரஞ்சு மீன், அருகில் வந்து மோந்துவிட்டு விலகிப் போனது.

“நீதானா அது. பாவி, உள்ளயே உக்காந்துக்கிட்டா இருந்த?” என்றாள் அவள். அந்த உருண்டையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவளுடைய வீட்டுக்காரர் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு துவண்டு கிடந்தார். தன்னுடையதில் ஒன்றை அவருக்குக் கொடுத்தவள் அவள்தான். கொடுத்த முதல் வருஷம் மனிதர் ராஜா மாதிரி இருந்தார். இப்போது சில மாதங்களாக அந்தச் சிறுநீரகம் மக்கர் பண்ணுகிறது. ஏன் என்று டாக்டருக்கே பிடிபடவில்லை.

“இன்னொருத்தர் உறுப்பை உடம்பு விரட்டாம இருக்கத்தான் இந்த கேப்சூல். ஆனா இவர் ரத்தத்துல மருந்து ஒரு தடவை இருக்கு, ஒரு தடவை இல்லை. ஒழுங்காச் சாப்பிடுறாரா?” என்று போன வாரம் டாக்டர் கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. “காலையும் சாயங்காலமும் என் கையால எடுத்துக் குடுக்கிறேன் சார். அவர் வாயில போடறதை நின்னு பாத்துட்டுத்தான் நகருவேன்” என்றாள். வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதில் துளியும் பொய் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலேயே மாத்திரை மறக்காமலிருக்க ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். மீனுக்குத் தீனி போடும் நேரம்தான் இவருக்கு மாத்திரை நேரம். தொட்டிக்குப் பக்கத்திலேயே டப்பா, பக்கத்திலேயே தண்ணீர் டம்ளர். அவர் கேப்சூலை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தொட்டிமேல் குனிந்து தீனி தூவுவார். தண்ணீரில் மட்டும் அவர் கை படக்கூடாது. கிருமி ஏறிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் கழுவித் துடைப்பதெல்லாம் இவள் பாடு. வாரா வாரம் கண்ணாடியைத் துடைத்துப் பாதித் தண்ணீரை மாற்றுவாள். கூழாங்கல்லில் புதைந்து நின்ற கோட்டையை மட்டும், மேனேஜர் படுக்கும் இடமாயிற்றே என்று அவள் அசைத்ததில்லை.

இதற்கு நடுவில் நாத்தனார் வேறு. தம்பியைப் பார்க்க வந்தவள் சும்மா போகக் கூடாதா? “என்ன இருந்தாலும் வேற உடம்பு பாரு. உன் கிட்னி என் தம்பிக்கு ஒத்துக்கலை போல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். தம்பிக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் குளிக்கும்போதெல்லாம் விலாவில் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டு, கட்டிக்கொடுத்த மகளுக்குப் புத்தி சொல்வதுபோல அந்தச் சிறுநீரகத்தோடு பேச ஆரம்பித்தாள். ‘போன இடத்துல ஒழுங்கா இருடி. என் மானத்தை வாங்காதே.’ சொல்லிச் சொல்லி அழுவாள். வெளியே வரும்போது சோப்புக் கண்ணில் பட்டுவிட்டது என்பாள்.

நேற்று டாக்டர் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். “நாளன்னிக்கு அட்மிட் ஆகிடுங்க. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம். இப்பவும் காரணம் பிடிபடலைன்னா, திரும்ப மெஷின்தான்.” எழுந்து வரும்போது, “வீட்ல நாய், பூனை, மீன் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். தொட்டித் தண்ணீரிலிருந்துதான் ஏதோ கிருமி அவருக்கு ஏறுகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். விடிந்ததும் தொட்டியைக் காலி செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, இங்க வந்து பாருங்களேன். இது என்னன்னு தெரியுதா?”

வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அந்தத் தெருவே அவரை ‘செல் டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். கம்பெனிக்காரன் கைவிட்ட போனையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார் என்று பெயர். அவர் அந்த உருண்டையைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பாசிம்மா. தண்ணி பழசானா அப்படித்தான் கட்டிக்கும். தூக்கிச் சாக்கடைல போடு.”

“பாசி பச்சையால்ல இருக்கும்? இதுல பஞ்சு மொளைச்சிருக்கு. எனக்கென்னவோ இதுலேருந்துதான் உங்களுக்குக் கிருமி வருதுன்னு தோணுது. டாக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டறேன்.”

“பைத்தியமா உனக்கு? ஆஸ்பத்திரிக்குச் சாக்கடையை எடுத்துட்டுப் போவியா? சிரிப்பாங்க. தூக்கிப் போடுன்னா போடேன்.” குரல் ஏகத்துக்கு உயர்ந்துவிட்டது. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். “கடையில ரெண்டு போன் இருக்கு, குடுத்துட்டு வந்துடறேன்” என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார்.

அவள் தூக்கிப் போடவில்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, தொட்டித் தண்ணீரோடு அதை அதற்குள் நழுவவிட்டு, மூடி போட்டுப் பைக்குள் வைத்தாள். மீன் வாங்கிய கடைக்கு நேராகப் போனாள். எதிரில் வந்தவர்கள் எல்லாம் அவள் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தார்கள். எப்படியாவது இது ஒரு கெட்ட வஸ்துவாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். பெயர் தெரிந்த கிருமியாக இருந்தால் மருந்து இருக்கும். எடுத்து எறிந்தால் தீர்ந்துவிடும். தன் உடம்புமேல் பழி இல்லை என்று ஆகிவிடும்.

கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். குலுக்கினார். மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“முட்டையாண்ணா?” என்று கேட்டாள்.

“முட்டை இல்லைம்மா. நத்தை முட்டை கொழகொழன்னு இருக்கும், ஆனா இவ்வளவு பெரிசா இருக்காது. மேல இருக்கிற பஞ்சு பூஞ்சைதான், அது எது செத்தாலும் வரும். ஆனா அடியில இருக்கே, அது எனக்கே புரியலை. இத்தனை வருஷத்துல நான் பாத்ததில்லை.”

“கிருமியா இருக்குமா?”

“என்னைக் கேட்டா? நான் மீன் விக்கிறவன்.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். “ஒண்ணு சொல்றேன். இது தொட்டியில தானா விளைஞ்ச பொருள் மாதிரி தெரியலை. யாரோ மேலேருந்து எதையோ போட்டிருக்காங்க. வீட்ல குழந்தைங்க இருக்கா?”

“இல்லைண்ணா.”

“அப்ப வீட்ல கேட்டுப் பாருங்க” என்றார் அவர்.

வீட்டில் கேட்க இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு வாக்கியம் வழி முழுக்க அவள் கூடவே வந்தது. சாக்கடையில் போடு என்று அவர் போட்ட அதட்டலும் கூடவே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் குரலை உயர்த்தியதே கிடையாது.

அவள் தையல் யூனிட்டில் செக்கிங் பார்ப்பவள். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் போட்டு, எந்தத் தையல் விட்டிருக்கிறது, எந்த மடிப்புக்குள் என்ன சொருகியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. அடுப்படி மேடையில் ஒரு தட்டை வைத்து உருண்டையைக் கொட்டினாள். பஞ்சை வழித்தெடுத்தாள். ஊசியை எடுத்து, ஒட்டிப்போன துணி மடிப்பைப் பிரிப்பதுபோல ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரித்தாள். அடுக்கு அடுக்காக வந்தது. ஒவ்வொரு அடுக்கும் மெல்லிய தோல். அந்தத் தோல் ஒரு பக்கம் குவிந்து மூடியும் மறுபக்கம் திறந்தும் இருந்தது. விரல் நுனிக்குப் போடும் சின்ன உறை மாதிரி. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு உறைகள். உள்ளே வெள்ளை மாவு. இன்னொன்றில், நிறம் முழுசாகப் போகாத ஓரத்தில், மங்கலாக ஒரு பழுப்பு.

அந்தப் பழுப்பை அவளுக்குத் தெரியும். தினமும் தன் கையால் அட்டையைக் கிழித்து எடுத்துக் கொடுக்கிற பழுப்பு.

“இல்லை. இருக்காது” என்று வாய்விட்டுச் சொன்னாள். டப்பாவிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து, ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதில் போட்டாள். மிதந்தது. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள். கரைந்துவிட வேண்டும், தடம் தெரியாமல் கரைந்துவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அது கரையவில்லை. மெல்ல ஊறி, உப்பி, நிறம் வெளுத்து, அடியில் போய்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கரண்டிக் காம்பால் தொட்டாள். கொழகொழவென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது.

பிறகு தொட்டியருகே போய், காலையில் அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் குனிவதுபோலக் குனிந்தாள். கண்ணுக்கு நேர் கீழே, தண்ணீருக்கு ஒரு விரல் அடியில், கோட்டைக் கோபுரத்தின் திறந்த வாய் இருக்கும் இடம் அதுதான். கன்னத்தில் அடக்கி ஊறவைத்த மாத்திரையைக் கையில் துப்பித் தீனியோடு விட்டால், மிதக்காமல் நேரே உள்ளே இறங்கிவிடும். கையை விட்டு வெளியே எடுக்க அவரால் முடியாது. அதற்கும் டாக்டரே தடை போட்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அது அழுகையாகி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்துதான் கிடந்தது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

வீட்டுக்காரர் வெயில் சாயும் நேரத்துக்கு வந்தார். மேடையில் தட்டு, பக்கத்தில் டம்ளர். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எத்தனை நாளா?” என்று கேட்டாள்.

“காலைல மட்டும்தாம்மா. சாயங்காலம் சத்தியமா முழுங்கிடுவேன்.”

“ஏன்?”

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். விடிந்ததிலிருந்து அவள் தொட்டியருகிலேயே உட்கார்ந்திருந்ததால், துப்ப வழியில்லாமல் இன்றைக்கு நிஜமாகவே விழுங்கியிருந்தார். விரல்கள் தந்தியடித்தன.

“அந்தக் கேப்சூல் போட்டா பொழுதுக்கும் இப்படித்தான். போர்டுல வைக்கிற சிப்பு அரிசியைவிடச் சின்னது. ரெண்டு பேர் போனைக் கருக்கிட்டேன். ‘டாக்டருக்கே கை ஆடுது, நாம வேற ஆளைப் பாப்போம்’னு என் காது படவே பேசிட்டுப் போறாங்க. கிட்னியையும் வாங்கிக்கிட்டு, நீ யூனிட்ல நின்னு நின்னு கொண்டு வர்றதையும் தின்னுக்கிட்டு எப்படிம்மா வீட்ல உக்காருவேன்? ஒரு வேளைதானே, உன் கிட்னி கெட்டியா இருக்கு, தாங்கிடும்னு நெனைச்சேன்.”

“டாக்டர் கேட்டாரே. நான் சத்தியம் பண்ணாத குறையா சொன்னேனே. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?”

“பயமா இருந்துச்சு.”

“சரி, டாக்டர்கிட்ட பயம். உங்க அக்கா என் கிட்னி ஒத்துக்கலைன்னு சொன்னப்ப?”

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“நான் தினம் குளிக்கிற எடத்துல அதுகிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தேன். ஒழுங்கா இருன்னு. என் உடம்புதான் உன்னைக் கொல்லுதுன்னு நான் செத்துக்கிட்டிருந்தேன். நீ டிவி சத்தத்தைக் கூட்டி வைச்சே.” அவரை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள். அவள் திருத்திக்கொள்ளவில்லை.

“தப்புத்தான். நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன். அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்” என்றார்.

அவள் எழுந்து போய் அவருடைய போனை எடுத்து, நாத்தனாரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையில் வைத்தாள்.

“சொல்லுடா தம்பி. பையெல்லாம் எடுத்து வைச்சாச்சா?” என்றது போன்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே இரக்கம் இல்லை.

“அக்கா. அவ கிட்னி நல்ல கிட்னிக்கா. நான்தான் மாத்திரையைச் சாப்பிடாம மீன் தொட்டில போட்டேன். அது கெட்டுப் போச்சுன்னா என்னாலதான். அவளால இல்லை.”

நாத்தனார், “அவ பக்கத்துல இருக்காளா?” என்று மெல்லிய குரலில் கேட்டாள். அவள் கையை நீட்டிப் போனை அணைத்துவிட்டாள். அந்தப் பேச்சு இப்போது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

தட்டில் கிடந்ததைத் திரும்பவும் பாட்டிலில் போட்டு, இறுக மூடி, ஆஸ்பத்திரிப் பையில் அவருடைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தச் சிறுநீரகம் இன்னும் பிழைக்குமா, காலம் கடந்துவிட்டதா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளைக்குத்தான் தெரியும். விலாவில் கையை வைத்துக்கொண்டாள். உன்னைப் போய்த் திட்டினேனேடி என்று உதடு மட்டும் அசைந்தது.

சாயங்கால மாத்திரை நேரம் ஆகியிருந்தது. அட்டையைக் கிழித்து நீட்டினாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தீனி டப்பாவைத் தேடிப் பழக்கத்தில் கை போயிற்று. அவள் அதை முன்பே தன் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள்.

“வாயைத் திறங்க.”

“முழுங்கிட்டேம்மா.”

“திறங்க.”

அவர் திறந்தார். அவள் போனின் டார்ச்சைப் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லி, இரண்டு கன்னத்தின் உள்ளேயும் விரலால் விலக்கி, யூனிட்டில் ஒரு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தாள். வாய் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.