பதிலை முடிக்காத பிரதமர்

மலை மாவட்டத்துப் பிரசவ ஆஸ்பத்திரி பற்றிய கேள்விக்குப் பிரதமர் பதில் படித்துக்கொண்டிருந்தபோது, சபையின் நடுவில் ஓர் இரும்புக் கட்டிலும், அதன்மேல் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். அன்று வெங்காய விலையில் மாற்றமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய புருஷன், ஒரு லாரி டிரைவர், விரித்த குடையோடு நின்றிருந்தான். மலையில் மழை போலிருக்கிறது. குடையிலிருந்து வடிந்த தண்ணீர் சபையின் கம்பளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் போதுமான நர்சுகள் இரவும் பகலும் பணியில் இருப்பதாகப் பிரதமரின் தாளில் எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தின் பாதியில்தான் கட்டில் வந்தது. கேள்வி கேட்டவர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த ஒரு பெண் உறுப்பினர். முன்பு வக்கீலாக இருந்ததால் எல்லோருக்கும் அவர் வக்கீலம்மா. கூட்டத்தொடர் தவறாமல் இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலை வாங்கிக்கொண்டு உட்காருவார். அன்று அவர் உட்காரவில்லை.

சபாநாயகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அந்நியர் சபைக்குள் நுழையக்கூடாது என்று இருந்ததே தவிர, கட்டிலோடு வந்துவிட்டவர்களை என்ன செய்வது என்று அதில் இல்லை. "இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று டிரைவர் கத்தினான். வக்கீல்கள் இருந்தார்கள், காண்டிராக்டர்கள் இருந்தார்கள், சினிமா தியேட்டர் முதலாளிகள்கூட இரண்டு பேர் இருந்தார்கள். டாக்டர் என்று பார்த்தால் பிரதமர் ஒருவர்தான். அவரும் அரசியலுக்கு வருமுன் கால்நடை வைத்தியம் பார்த்தவர். எதிர்க்கட்சிக்காரர்கள் அவரை மாட்டு டாக்டர் என்று கூப்பிட்டே பல தேர்தல்களைச் சந்தித்திருந்தார்கள்.

"மாடு பார்க்கிற டாக்டர்தான் இருக்கேன், தம்பி" என்றார் பிரதமர்.

"எதைப் பார்க்கிறவரா இருந்தாலும் வாங்க சார். எங்க ஆஸ்பத்திரியில பூட்டுதான் தொங்குது."

பிரதமர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முழங்கை வரை சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். எதிர்வரிசையிலிருந்து வக்கீலம்மாவும் இறங்கி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்தும்மா, நல்லா கத்து. இங்க எல்லாரும் அதைத்தானே பண்றோம்" என்றார். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. பிரதமர் ஒரு விரலைக் கொடுத்து அதை விலக்கினார். கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை வீறிட்டது. சுருக்கெழுத்தாளர் அதை 'குறுக்கீடு' என்று பதிவு செய்தார். முறையான குறுக்கீடுதான், குறிப்பிலிருந்து நீக்க வேண்டியதில்லை என்று சபாநாயகர் தீர்ப்புச் சொன்னார். பிரதமர் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். "அந்த ஆஸ்பத்திரியில ஒரு நர்சுகூட இல்லை. அதைத் திறந்து வச்சதும் நான்தான், மறந்ததும் நான்தான். இன்னைக்கே அனுப்பறேன்" என்றார். அந்த வார்த்தை முடிந்ததும் கட்டில், தாய், பிள்ளை, டிரைவர், குடை யாரையும் காணோம். கம்பளத்தில் ஈரம் மட்டும் இருந்தது. மாலைக்குள் மலையில் பூட்டுத் திறந்தது.

அதற்குப் பிறகு இது வழக்கமாயிற்று. யாரைப் பற்றிக் கேள்வியோ, அவர்கள் பதில் தொடங்கியதும் வந்தார்கள். பதில் முடிந்ததும் போனார்கள். பதில் என்றால் பதிலாக இருக்க வேண்டும். குடிநீர் அமைச்சர் ஆவன செய்யப்படும் என்று சொல்லி உட்கார்ந்த அன்று, காலிக் குடங்களோடு வந்திருந்த பெண்கள் திரும்பிப் போகவில்லை. ஒரு வாரம் சபையிலேயே இருந்து, பார்வையாளர் மாடத்துக் கம்பியில் துணி காயப்போட்டார்கள். அமைச்சர் ஈரப் பாவாடைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்து, கடைசியில் குழாய் எப்போது வரும் என்று தேதி சொன்னதும்தான் கிளம்பினார்கள். உரமானியக் கேள்விக்கு ஒரு விவசாயி எருமையோடு வந்தார். எருமை நிதியமைச்சரின் உரையில் முக்கால்வாசியைத் தின்றது. படகுத்துறைக் கேள்விக்கு வந்த ஒரு மீனவர் பதில் முடிவதற்குள் வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். கதவைத் தாண்டிவிட்டவர்களைப் பதில் திருப்பிக் கொண்டுபோவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பாவம், அவர் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார். டிக்கெட் காசைச் சபையே கொடுத்தது.

ஆளுங்கட்சியின் பெரியவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. கேள்வி நேரத்தையே எடுத்துவிட ஒரு மசோதா தயாரித்துப் பிரதமரின் மேஜையில் வைத்தார்கள். அவருக்கும் சபலம் இருந்தது. ஒவ்வொரு நாளும் யார் முகத்தில் விழிக்கவேண்டியிருக்குமோ என்று காலைச் சாப்பாடு இறங்காமல் மெலிந்திருந்தார். "அவங்க முகத்தைப் பார்க்கத்தானே உங்களை அனுப்பிச்சாங்க" என்று அவர் மனைவி சொன்னார். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

மசோதா வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள், கிழக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம் இடிந்தது. உள்ளே சிக்கியவர்களை மீட்கத் துளைபோடப் போன இயந்திரம் பாறையில் மாட்டி உடைந்தது. மறுநாள் காலையில் வக்கீலம்மா பிரதமரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் வந்தார்.

"நான் கேள்வி கேட்கறேன். அவங்க வந்துடுவாங்க."

"முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கணுமே. சபாநாயகர் விட மாட்டார்."

"அவரை நான் பார்த்துக்கறேன். ஆனா பதிலைச் சொல்லி முடிச்சா மறுபடி மண்ணுக்குள்ளதான் போவாங்க. எல்லாரும் வாசலைத் தாண்டுற வரைக்கும் நீங்க முடிக்கக்கூடாது, டாக்டர்."

வக்கீலம்மா அவரைக் கிண்டலில்லாமல் டாக்டர் என்று கூப்பிட்டது அன்றுதான்.

சபாநாயகர் விதிப்புத்தகத்தை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கேள்வி கேட்கப்பட்டது. பிரதமர் எழுந்து, சுரங்கத்தில் சிக்கியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பெயருக்கு ஒருவராக அவர்கள் வந்தார்கள்: கரி அப்பிய உடம்பும், வெளிச்சத்துக்குக் கூசிய கண்களுமாக. ஒருவர் கையில் இன்னும் திறக்காத சாப்பாட்டு டப்பா இருந்தது. மாடத்தில் வந்து காத்திருந்த அவர்களுடைய குடும்பங்கள் அழுதன, சிரித்தன. அடிபட்டவர்களை உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. மாடத்தில் ஒரு பெண் மட்டும் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவள் தேடிய முகம் வரவில்லை. வக்கீலம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"துணைக்கேள்வி. காண்டிராக்டர் கூட்டிட்டு வந்த ஆளுங்க எங்கே?"

அப்படி யாருமில்லை என்று அதிகாரி ஒருவர் துண்டுச்சீட்டு நீட்டினார். பிரதமர் அதை வாங்கினார், படிக்கவில்லை. வாசலை நோக்கி நொண்டிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டார். "அண்ணே, கீழே இன்னும் யாராவது இருக்காங்களா?"

"எங்களுக்கு முன்னாடி போனவங்க இருக்காங்க சார். பேர் தெரியாது. முகம் தெரியும்."

"பேர் தெரியாதவங்களும் கீழே இருக்காங்க" என்று பிரதமர் சபைக்குச் சொன்னார். "அவங்களை ஆளாகவே எழுதிக்கலை. அந்தப் பொறுப்பு என்னோடது. அவங்க எத்தனை பேரா இருந்தாலும், அத்தனை பேரையும் பத்தித்தான் இந்தப் பதில்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வந்தார்கள். உட்கார்ந்தபடி சிலர், படுத்தபடி பலர், மயங்கியவர்கள், ஆனால் எல்லோருக்கும் மூச்சு இருந்தது. மாடத்துப் பெண் படியில் இறங்கிய சத்தம் கேட்டதாகவே யாருக்கும் நினைவில்லை. கீழே வந்து ஒருவனின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

படுத்திருப்பவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சர்கள் போதவில்லை. பிரதமர் பேசிக்கொண்டே இருந்தார். நிலக்கரிக் கொள்கையைச் சொன்னார். அதன் முன்னுரையையும் அடிக்குறிப்புகளையும் சொன்னார். கொள்கை தீர்ந்ததும், தான் முதலில் வைத்தியம் பார்த்த கன்றுக்குட்டியின் கதையைச் சொன்னார். வழவழவென்று பேசுகிறார் என்று அத்தனை நாளும் அவரைத் திட்டியவர்கள், "இன்னும் கொஞ்சம் இழுங்க, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினார்கள். அவர் தொண்டை கட்டியபோது எதிர்க்கட்சியினர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்கள். அந்த நேரத்தில் அவர் தண்ணீர் குடித்தார். குரல் கீச்சென்று ஆனபோது, "மாட்டு டாக்டர் ஒழிக!" என்று கண்ணீர் வழிய மேஜையைத் தட்டினார்கள், சபாநாயகர் அவர்களை ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, சாவகாசமாகக் கண்டித்தார். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு பிரதமர், "கேட்டதுக்கு நன்றி, வக்கீலம்மா" என்றார். குரலாக வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. அதோடு பதில் முடிந்தது. யாரும் மறையவில்லை, மறைவதற்கு உள்ளே யாரும் மிச்சமில்லை. மசோதாவை அன்று எடுக்க முடியவில்லை. சுரங்கக்காரர் ஒருவர் அதில் முகத்தைத் துடைத்துப் போட்டிருந்தார்.

அந்தக் குரல் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. கட்டைக் குரலோடு இன்னும் சில காலம் பதில் சொன்னார். அடுத்த தேர்தலில் அரிசி விலையால் தோற்றார்; சுரங்க மாவட்டத்தில் மட்டும் அவர் கட்சிக்கு எதிராக நிற்க ஆள் கிடைக்கவில்லை. வக்கீலம்மா பிரதமரானார். பதவியேற்ற அன்று நேராகப் பழைய பிரதமரின் வீட்டுக்கு வந்து, "எப்படிய்யா தினமும் அவங்க முன்னாடி நின்னீங்க?" என்று கேட்டார். "நீங்க கேட்டீங்க, நான் நின்னேன்" என்றார் அவர். சபைக்கு வருகிறவர்களுக்காகப் பெஞ்சுகளும், தண்ணீர்ப் பானையும், மழைக்காலத்தில் குடைக்கு ஒரு வாளியும் வைத்தார்கள். செய்தித்தாளில் வானிலைக்குக் கீழே மறுநாளைய கேள்விகள் வந்தன. அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் தலை வாரிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஓய்விலிருந்த பழைய பிரதமருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்துகொண்டு, எல்லோரையும்போல முறைக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரை மனைவி அதட்டினார்.

"சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருங்க. இன்னைக்குக் கண் ஆபரேஷன் கேள்வி இருக்கு. போன தடவை பனியனோட போய் நின்னு மானத்தை வாங்கினீங்க."

அவர் சட்டையை மாட்டிப் பொத்தான்களைத் தடவித் தடவிப் போட்டார். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். நாற்காலி காலியாயிற்று. மனைவி டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டு, மறுபடி கீரை ஆய உட்கார்ந்தார்.