வேர்வைப் பெட்டி

அந்த மரப்பெட்டி வந்ததிலிருந்து கூடத்தில் பாதி இடம் போயிற்று. பீரோவைவிடப் பெரியது. கண்ணாடிக் கதவு, உள்ளே உட்காரப் பலகை, சுற்றிலும் அகச்சிவப்புக் கதிரால் சூடேற்றும் தகடுகள். அப்பா எலக்ட்ரீஷியன். ஒயரிங் வேலைக்குப் போன வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கிவந்து, தானே மாட்டி, எர்த் கொடுத்து, தனி பிரேக்கரும் வைத்தார். கரண்ட் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை சிறுநீரகத்தில்தான். இரண்டும் கைவிட்டுவிட, ஆஸ்பத்திரி மெஷின்தான் அவர் ரத்தத்தைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கிட்னி செய்யாததைத் தோல் செய்யட்டுமே. வேர்வையும் கழிவுதானே?" என்பார்.

பாப்பா என்று கூப்பிடப்பட்டாலும் மகள் பத்தாம் வகுப்பு. பெட்டியோடு வந்த கையேட்டை ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். குறைந்த சூட்டில் தொடங்கவும், கால் மணி நேரம் தாண்ட வேண்டாம், யாராவது பக்கத்தில் இருக்கட்டும், மெதுவாக எழுந்திருக்கவும். இதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். 'முன்னும் பின்னும் நிறையத் தண்ணீர் குடிக்கவும்' என்ற இடத்தில்தான் அவள் நின்றுவிட்டாள். அப்பா நிறையக் குடித்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். குடிக்காமல் வேர்த்தால் மயங்கி விழுவார். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகக்கூடாது என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"டாக்டரைக் கேட்டீங்களாப்பா?"

"அவரைக் கேட்டா மூச்சு விடறதையும் அளந்து விடச் சொல்வாரு," என்றது கண்ணாடிக்குள்ளிருந்து குரல்.

"போதும், வெளிய வாங்க."

"இருடி, இப்பத்தான் எண்ணெய் போட்ட கதவு மாதிரி முட்டி மடங்குது."

வெளியே வந்தவர் சுவரைப் பிடித்தார். அவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். சட்டையில்லாத உடம்பு அனலாகக் கொதித்தது. தள்ளாடியபடியே எடை மெஷினில் ஏறி, முள்ளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தா இறங்கற மாதிரியே இங்கயும் இறங்குது."

"தண்ணியும் உப்பும்தாம்ப்பா போகும். ரத்தத்துல இருக்கற விஷம் அங்கயேதான் நிக்கும்னு நர்ஸக்கா சொன்னாங்க."

"அந்த மெஷினால சம்பளம் வாங்கறவங்க வேற என்ன சொல்வாங்க? காலைல ஆஸ்பத்திரி வண்டி வந்தா நான் வரலன்னு சொல்லிடு. அம்மாகிட்ட மூச்சு விடாத."

முன்பு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகத் தவறியதற்கே அவர் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடி மூச்சுக்கு அல்லாடியதை அவள் பார்த்திருக்கிறாள். லாண்டரி வேலை முடிந்து அம்மா வந்ததும் சமையலறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா வாயைத் திறந்தால் அப்பா பெட்டிப்பாம்பு. இன்றைக்கு அந்த வாய் வேண்டும்.

அம்மா நிதானமாகக் கை கழுவினாள்.

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா சும்மா இருக்க?"

"அந்தப் பெட்டி குணமாக்கும்னு உங்கப்பா நம்பறாருன்னு நெனைக்கிறியா? எது ஓடும், எது ஓடாதுன்னு தொட்டுப் பாத்தே சொல்ற மனுஷன். குத்திக் குத்தி கையில ஊசிக்கு இடமில்ல. இனி அந்த மெஷின் வேணாம், போதும்டின்னு எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாரு. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லத்தான் தைரியமில்ல. அதுக்கு ஒரு சாக்கு வேணும்ல?"

"நீ போகச் சொல்லும்மா."

"கால்ல விழாத குறையா சொல்லிப் பாத்தாச்சு."

பெரியவர்களிடம் சொல்லிவிட்டால் பயம் பாதியாகும் என்று நினைத்திருந்தாள். இப்போது சொல்வதற்கு ஆளே மிச்சமில்லை. கூடத்தில் அப்பா ஏதோ மெட்டை முனகியபடி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

காலையில் ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது. அவள் தனியாக இறங்கிப் போனாள்.

"அப்பா எங்க பாப்பா? நேரமாச்சு," என்றார் டிரைவர்.

"வரல."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

சரியில்லாதவர்கள்தான் அந்த வண்டியில் போவார்கள். "நல்லாத்தான் இருக்காரு," என்றாள்.

டிரைவர் மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்மணி மடியில் வைத்திருந்த பையை எடுத்து, பக்கத்தில் அப்பா வழக்கமாக உட்காரும் காலி இருக்கையில் வைத்துக்கொண்டாள்.