கையோடு வந்த கைப்பிடி

"இன்னொரு தலையணை வைடா. படுத்துக்கிட்டே சாட்சி சொன்னா பொய் மாதிரி கேக்கும்" என்றாள் அக்கா.

தம்பி அவளைத் தாங்கி நிமிர்த்தினான். அவள் வேலை பார்த்த ஓட்டல் சலவைக்கூடத்துப் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகிறது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் அவள் சாட்சியத்தைப் பதிவு செய்ய நீதிமன்றம் ஓர் ஆணையரை வீட்டுக்கே அனுப்பியிருந்தது.

ஆணையர் மேசையை இழுத்துப்போட்டு எழுத உட்கார்ந்தார். ஓட்டல் தரப்பு வக்கீல் கனிவாகவே கேட்டார்.

"காலையிலேர்ந்து நீராவியில நின்னிருக்கீங்க. தலை சுத்தி விழுந்திருக்கலாம் இல்லையாம்மா?"

"சுத்தலை சார். மூட்டையோட இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சேன். அது கையோட வந்துடுச்சு."

"அது ஆடுறது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். மூணு தடவை மேனேஜர்கிட்ட சொன்னேன். பார்த்துக்கலாம்னார்."

"தெரிஞ்சும் ஏன் பிடிச்சீங்க?"

"அந்தப் படிக்கு வேற கைப்பிடி இல்லையே சார்."

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அக்காவுக்கு இருமல் வந்தது. தம்பி நீட்டிய தண்ணீரைத் தள்ளிவிட்டாள்.

ஆணையர் எழுதியதை வாசித்தார். "படியில் வழுக்கி விழுந்தேன்..."

"வழுக்குச்சுன்னு நான் சொல்லவே இல்லையே. அதை அடிங்க."

அடித்தார். அக்கா ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்திட்டாள். பக்கத்துக்குப் பக்கம் மூச்சு வாங்கியது.

அவர்கள் போனதும், "இப்ப தலையணையை எடுடா" என்றாள்.

மூன்று மணிவாக்கில் வெந்நீரோடு வந்தவன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கண்களை மூடிவிட்டான்.

சாயங்காலம் அக்காவின் வக்கீல் வந்தார். "ஓட்டல்காரங்க இத்தோட முடிச்சுக்கலாம்னு கேப்பாங்க. நீங்க வாரிசா சேர்ந்தா தொடரலாம்."

"சேர்த்துக்கோங்க சார். பேச வேண்டியதை அவ பேசிட்டா. நான் வந்து நிக்கிறேன்."

சலவைக்கூடத்துப் பெண்கள் நான்கு பேர் வேலை முடிந்து சீருடையோடு வந்தார்கள். சற்று நேரம் அழுதார்கள். பிறகு மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாய்தா என்னைக்கு தம்பி? மேனேஜர்கிட்ட அவ சொல்லும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."

தேதியைச் சொன்னான். அவள் இன்னொரு முறை சொல்லச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டாள்.

இன்னொருத்தி கட்டிலைச் சுற்றி வந்து, அக்காவுக்கடியில் சுருங்கிக் கிடந்த விரிப்பின் முனையை இழுத்து, நீவி, மெத்தைக்கடியில் செருகினாள். எதிர்முனைக்கு மூத்தவள் போனாள்.