முதலில் எண்ணெய், பிறகு நுரை

குளிக்கப் போகலாம் என்று வருங்கால மாமியார் கூப்பிட்டதற்கு ஒருத்தி சாக்குத் தேடுவாளா? உன்ஜே தேடினாள். மறுநாள் புத்தாண்டு. கொரியாவின் குன்சானில் பாதி ஊர் அன்றைக்குப் பொதுக் குளியல் கூடத்தில்தான் இருக்கும். பழைய வருஷத்து அழுக்கோடு யாரும் முன்னோருக்குப் படையல் வைப்பதில்லை. வரப்போகிற மருமகளைக் குளியல் கூடத்துக்கு அழைத்துப்போய் முதுகு தேய்த்துவிட்டால் அவளை மகளாக ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம். கல்யாணம் வசந்தத்தில். மாப்பிள்ளை சுங்மோவின் அம்மா மல்சுக் அம்மாள் கையில் குளியல் கூடையோடு வாசலில் நின்று, நேரமானால் வெந்நீர்த் தொட்டியில் உட்கார இடம் கிடைக்காது என்று அவசரப்படுத்தினார்.

போன அறுவடைத் திருநாளுக்கும் இதே அழைப்பு வந்தது. அப்போது மாதவிலக்கு என்று சொல்லித் தப்பித்தாள். அதையே மறுபடியும் சொன்னால், பண்டிகைக்குப் பண்டிகை தவறாமல் வருகிற விலக்கு என்ன விலக்கு என்று கேட்க மாட்டார்களா?

உன்ஜேவின் இடது கண்ணைச் சுற்றி, நெற்றிப் பொட்டிலிருந்து கன்னத்து எலும்பு வரை, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு மறு. பிறவியிலேயே வந்தது. லேசரில் சுட்டுப் பார்த்தார்கள். மங்கியது, கொஞ்ச காலத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு ஒருவனோடு கல்யாணம் வரை பேச்சு போயிருந்தது. ஒரு நாள் அவன் அவளுடைய கழுவின முகத்தைப் பார்த்துவிட்டான். மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த முகத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

சுங்மோவும் பார்த்ததில்லை. அவனுக்கு உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை, அவளுக்குச் சியோலில். சந்திப்பதெல்லாம் வாரக் கடைசியில். பள்ளிக்கூடப் பெண்கள்கூட முதலில் எண்ணெயால் ஒரு தரம், பிறகு நுரையால் ஒரு தரம் என்று முகம் கழுவிவிட்டுப் படுக்கிற நாட்டில், அவள் அந்த இரவுகளில் பூச்சோடே படுத்தாள். அவன் எழுவதற்கு முன்னால் எழுந்து, உதிர்ந்த இடத்தில் தட்டிச் சரிசெய்தாள். திங்கட்கிழமை முகம் முழுக்கப் பரு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். உன்ஜே மறைத்தாள், வருஷக் கணக்கில் மறைத்தாள். அது தப்பு என்று சொல்ல வருகிறவர்கள் ஒரு வாரம் அந்த முகத்தோடு சுரங்க ரயிலில் போய்வந்துவிட்டுச் சொல்லட்டும்.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. தண்ணீர்பட்டாலும் போகாத பூச்சு, அதன் மேல் மாவு, அதற்கும் மேல் கெட்டிப்படுத்தும் தெளிப்பான். நீராவி அறைப் பக்கமே போவதில்லை. முகத்துக்கு நுரையை மட்டும் லேசாக ஒற்றி எடுத்துவிடுவது; நுரைக்கு அந்தப் பூச்சு அசையாது, எண்ணெய்க்குத்தான் அசையும். மல்சுக் அம்மாள் மட்டும் தன் முகத்தை உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும். ஆனால் அந்த அம்மாள் முப்பது வருஷம் வீடு வீடாகப் படியேறி முகப்பூச்சு விற்றவர். ஒரு முகம் சரியாகக் கழுவப்பட்டிருக்கிறதா இல்லையா என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவார்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கண்ணாடிகளுக்கு எதிரே வரிசையாகக் குட்டை முக்காலிகள், அவற்றின் மேல் ஊரிலிருக்கிற பெண்கள் எல்லாரும் பிறந்த மேனியாக உட்கார்ந்து பச்சைத் துணியால் ஒருவர் முதுகை ஒருவர் தோல் சிவக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மல்சுக் அம்மாள் இடம் பிடித்து, மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அக்கம்பக்கத்தாரிடம் இவள்தான் எங்கள் பெண் என்று அறிமுகம் செய்தார். மருமகள் என்று சொல்லவில்லை. சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்த உன்ஜேவுக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது. இதை இழக்கக் கூடாது, எது போனாலும் இதை இழக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடி நுரையை ஒற்றினாள்.

"என்னம்மா இது, பூனை மூஞ்சி கழுவுற மாதிரி?"

கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் மல்சுக் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் நுரையைப் போட்டால் பூசினது எங்கே போகும், அதெல்லாம் தோல் துவாரத்துக்குள் தங்கித்தான் இந்தப் பரு என்று ஆரம்பித்தார். உன்ஜே தனக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்றாள். தன் கூடையில் இருப்பது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் எண்ணெய் என்றார். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்றாள். அதைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகம் இளகிவிட்டது. தாயில்லாத பெண், கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார். வினையே அங்கேதான். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் உலர்ந்த துண்டால் அவள் முகத்தை ஈரம் போக ஒற்றினார். ஈரத்தில் எண்ணெய் வேலை செய்யாது அல்லவா? கையையும் துடைத்துக்கொண்டு, எண்ணெயை ஊற்றி, இரண்டு உள்ளங்கையும் சூடேறத் தேய்த்து, அவள் கன்னத்தில் வைத்தார்.

தாயின் கை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. தட்டிவிட மனம் வரவில்லை. தட்டிவிட்டிருக்க வேண்டும். விரல்கள் வட்டம் வட்டமாகக் கன்னத்திலிருந்து பொட்டுக்கு ஏறின. பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்க, எண்ணெய் பால் மாதிரி வெளுத்து, வருஷக் கணக்காகக் காத்ததெல்லாம் கழுத்து வழியாக வழிந்து வடிகாலுக்குப் போயிற்று. இடது கண்ணருகே வந்ததும் விரல்கள் நின்றன.

மல்சுக் அம்மாள் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"சுங்மோவா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

உன்ஜேவுக்குப் புரியவில்லை.

"மறைக்காதே. என் பையன் கை வச்சானா உன்மேல?"

இப்போதுதான் புரிந்தது. மறுவைப் பார்த்து அடிபட்ட கன்றல் என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். கன்றல் என்றால் நாலு நாளில் ஆறிவிடும், மறு என்றால் சாகிற வரைக்கும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் மனம் அந்தக் கணக்கைப் போட்டது. அதற்குள் மல்சுக் அம்மாளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பேசாமல் இருக்கிற பெண்ணை அவருக்குத் தெரியும். அவரே பேசாமல் இருந்தவர்.

"அப்பன் புத்தி எங்க போகும்?" என்றார். "இந்தப் பூச்சை நான் ஊருக்கெல்லாம் வித்தேன்னு நினைக்கிறியா? பாதி டப்பா என் மூஞ்சிக்கே போயிடும். கதவுல இடிச்சிக்கிட்டேன், படியில விழுந்துட்டேன்... நான் சொல்லாத கதையா?"

"அம்மா, இது மறும்மா. பொறந்ததிலேருந்து இருக்கு."

"நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கேன்."

உன்ஜே அவர் கையை எடுத்துத் தன் கண்ணோரத்தில் அழுத்தினாள். பாருங்கள், வலிக்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்துங்கள் என்று கெஞ்சினாள். வலிக்காத மாதிரி இருக்க உனக்கும் பழகிவிட்டதா என்று அவர் அழுதார். பக்கத்து முக்காலிப் பெண்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பாவம், கல்யாணத்துக்கு முன்னாலேயே இப்படியா என்று ஒருத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது. உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. சொல்லாதபோது எல்லாரும் நம்பினார்கள். இருதலைக்கொள்ளி எறும்புக்குக்கூட நடுவில் நிற்க ஓர் இடம் இருக்கும்.

மல்சுக் அம்மாள் எழுந்தார். "இந்தக் கல்யாணம் வேண்டாம். நானே நிறுத்துறேன். நான் பட்டதை நீயும் பட வேணாம்" என்று சொல்லிவிட்டு, தலை சொட்டச் சொட்டத் துணி மாற்றும் அறைக்குப் போனார். உன்ஜே நுரையை எடுத்து முகத்தில் அறைந்து தேய்த்தாள், பூச்சில் துளிகூட மிச்சமில்லாமல் மறு முழுசாகத் தெரிந்தால்தான் நம்புவார்கள் என்று தேய்த்தாள். கண்ணாடியில் முகம் சிவந்து எரிந்தது, நீலம் அசையவில்லை. சட்டையை ஈர உடம்பில் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

கூடத்தின் முன்னறையில், ஆண்கள் பக்கம் குளித்து முடித்த சுங்மோ வாழைப்பழப் பால் பாட்டில்களோடு காத்திருந்தான். அம்மா ஏற்கெனவே அவன் தோளிலும் முதுகிலும் அறைந்துகொண்டிருந்தார். என்ன செய்தேன் என்று அவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். சீட்டுக் கொடுக்கிற பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"அவரு அடிக்கலம்மா" என்று உன்ஜே சொன்னாள். "அவரு இதைப் பார்த்ததே இல்ல."

சுங்மோ திரும்பினான். பார்த்தான். ஓர் அடி பின்னால் நகர்ந்தான். வேண்டுமென்று நகரவில்லை, கால் தானாக நகர்ந்தது; அவன் அடக்கிக்கொள்வதற்குள் அது நடந்துவிட்டது. அந்த ஓர் அடியைத்தான் உன்ஜே இத்தனை காலமும் ஒவ்வொரு இரவும் கனவில் பார்த்துப் பயந்திருந்தாள்.

மல்சுக் அம்மாள் பார்த்தது அவளை அல்ல, மகனை. பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த முகம் முதல்முறையாகப் பார்க்கிறவனுடைய முகம். உயிரே திரும்பி வந்ததுபோல அப்படியே நாற்காலியில் சரிந்து, "என் பையன் இல்ல, என் பையன் இல்ல" என்று வாய்விட்டு அழுதார். சீட்டுக் கொடுக்கிற பெண் தண்ணீர் கொண்டு வந்தாள். சுங்மோ அம்மாவின் முன்னால் குந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த அறையில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். உன்ஜே ஒருத்தி மட்டும் கழுவின முகத்தோடு நடுவில் நின்றாள்.

பிறகு கேட்டார்கள், சொன்னாள். பிறவி மறு, யாருக்கும் தொற்றாது, நோயில்லை. மல்சுக் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வருமா என்று மெதுவாகக் கேட்டார். வராதென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றாள். சரி, சரி என்று தலையாட்டினார். சுங்மோ கெட்டவன் இல்லை. ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை அதட்டவில்லை. பால் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்ல, விடு" என்றான். "இதுக்குப் போயி நான் மாறிடுவேனா? வீட்டுக்குப் பெரியப்பா எல்லாரும் வந்திருப்பாங்க. அதைப் பூசிக்கிட்டு வந்துரு, கிளம்பலாம்."

மல்சுக் அம்மாள் தன் கூடையைத் துழாவி, நல்ல பூச்சாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவளிடம் நீட்டினார். இது சீக்கிரம் கலையாது என்றார்.

உன்ஜே துணி மாற்றும் அறைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. கல்யாணம் நிற்காது, மாமியார் கைவிடவில்லை, அவன் போனை எடுக்காமல் போகப்போவதில்லை. ஆனால் தெரிந்துவிடுமோ என்று பயந்த காலமெல்லாம், தெரிந்த பிறகும் ஒருவன் பின்வாங்காமல் நிற்பான் என்கிற ஆசை அந்தப் பயத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இன்றைக்கு அந்த ஆசை போயிற்று. இதுவரை அவளாக மறைத்தாள், இனி அவர்களுக்காக மறைக்க வேண்டும், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இரண்டு முறை கழுவிச் சிவந்த தோலில் பூச்சு பிடிக்கவில்லை. தட்டத் தட்டத் திட்டுத் திட்டாக உருண்டு வந்தது. துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஆச்சாம்மா?" என்று வெளியிலிருந்து மல்சுக் அம்மாளின் குரல், அன்பாகத்தான், கேட்டது.

"இதோ, வந்துட்டேம்மா" என்றாள்.