நேர்காணலில் தேறாதவள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சின்ன வயதிலிருந்தே கனவு. நேர்காணலில் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் நூலகம் அவர்களை மிகவும் கவர்ந்துவிட்டதாம். அந்த நூலகத்துக்குள் நானே போய் வருஷக்கணக்காகிறது. ஏஜென்ட் சொல்லிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துக் காது புளித்துவிட்டது.

வெளிநாட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவில் என் வேலை இதுதான். விண்ணப்பித்தவர்களிடம் வீடியோவில் பேசி, தேறினார், தேறவில்லை என்று கணினியில் குறிக்க வேண்டும். என் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் கார் நிறுத்துமிடத்தின் சுவர். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு மூலையில் ஒரு வாளி. மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டார்கெட். மனிதர் வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வரும். அன்று நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் பார்த்துக் கதவுக்குள் தலையை நீட்டினார்.

“கணிதத்துல ஒரே ஒரு சீட் பாக்கி. இப்ப வர்ற பொண்ணு மார்க்கைப் பாத்தீங்கல்ல? கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம். பேருக்கு நாலு கேள்வி கேட்டு முடிச்சுடுங்க.”

“சாப்பிட்டுட்டுக் கேக்கலாமா சார்?”

“அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கே.”

பசி யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. டப்பாவை மூடினேன்.

திரையில் ஒல்லியாக ஒரு பெண். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ஒரு கட்டில், இரும்பு பீரோ, சாத்திய கதவு. சரி, தனியாகத்தான் இருந்தாள்.

“எங்க யுனிவர்சிட்டியை ஏன் தேர்ந்தெடுத்தே?”

“அம்மா சொன்னாங்க.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நூலகம் வரவில்லையே! அடுத்து முக்கியமான கேள்விக்குப் போனேன். படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாய் என்பது அது. ஊர் திரும்புவேன் என்று சொல்ல வேண்டும்; மாணவர் விசாவின் விதி அப்படி. அங்கேயே தங்கிவிடுவேன் என்று சொன்னால் கதை முடிந்தது. அரைகுறை ஏஜென்ட் கூட முதல் பாடமாக இதைத்தான் சொல்லிக் கொடுப்பான்.

“அங்கயே இருந்துடுவேன் மேடம். திரும்பி வரமாட்டேன்.”

“இந்த ஒரு பதிலுக்கே உன்னை வேண்டாம்னு சொல்லிடலாம், தெரியுமா?”

“தெரியும் மேடம். அதனாலதான் சொன்னேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “விளையாடறியா? சோத்தை மூடி வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன் நான்.”

அவள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மைக்குக்குக் கிட்டே வந்தாள்.

“அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல மேடம். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். கூட்டிட்டுப் போக என்னை விட்டா ஆளில்ல. நான் போகலம்மான்னு சொன்னா, என்னால உன் வாழ்க்கை வீணாப் போக வேணாம்னு மாத்திரையைத் தூக்கி வீசிடறாங்க. நீங்களே வேணாம்னுட்டா அவங்க என்ன பண்ண முடியும்? என்னை எடுத்துடாதீங்க மேடம்.”

பாஸ் போடச் சொல்லி என்னிடம் அழுதவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு. ஒருவர் தன் சித்தப்பா மந்திரிக்கு வேண்டியவர் என்று கூட மிரட்டியிருக்கிறார். ஃபெயில் போடச் சொல்லி யாரும் கெஞ்சியதில்லை. பாவமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அம்மாவும் மகளும் பேசித் தீர்க்க வேண்டியதைப் போயும் போயும் என் தலையிலா கட்டுவது?

“சரி” என்றேன். தேறவில்லை என்று குறித்தேன்.

கடைசி இரண்டு நிமிடம் பெற்றோருக்கு என்பது எங்கள் வழக்கம். அதைச் சொல்லாமல் முடித்துவிட நினைத்தேன். அதற்குள் அவள் அறைக் கதவு தட்டப்பட்டது. மகள் திறந்தாள். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மெல்ல உட்கார்ந்தார். முழங்கையருகே ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நான் பார்ப்பதற்குள் சால்வையால் மறைத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

“இவளுக்கு இது மூணாவது இன்டர்வியூம்மா. ஸ்கூல்லயே முதல் ஆளு. முன்னாடி ரெண்டு இடத்துல வேணாம்னுட்டாங்க. அப்படி என்னதான் கேக்கறீங்க நீங்கல்லாம்? என் எதிர்ல ஒண்ணு கேளுங்களேன். தப்பா சொன்னா நான் திருத்தறேன்.”

“நீங்க சிரமப்படாதீங்கம்மா, உடம்பு...”

“என் உடம்புக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கேளுங்க.”

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“படிச்சு முடிச்சதும் என்னம்மா பண்ணுவே?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சற்றுமுன் வெடுக்கென்று சொன்ன பதில் இப்போது வரவில்லை.

“வந்துடுவேன்” என்றாள். “அம்மாகிட்டயே வந்துடுவேன்.”

“நல்லாத்தானே சொல்றா!” அந்த அம்மா மேசையைத் தட்டினார். “இதுல என்ன குறை?”

ஒரு குறையும் இல்லை. தினமும் நான் கேட்கிற பதில்தான். அதை மனசாரச் சொன்ன ஒரு பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டப்படி பார்த்தால் குறித்ததை அழித்துவிட்டுப் பாஸ் போட வேண்டும். என் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே டார்கெட் நின்று, முடிந்ததா என்று கையால் கேட்டார். திரையில் அந்தப் பெண் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குறை ஒண்ணுமில்லம்மா. சீட்டு முடிஞ்சுபோச்சு. காலையிலதான் கடைசி சீட்டையும் குடுத்துட்டோம்.”

“அப்புறம் எதுக்கு இவளை உக்கார வெச்சுக் கேள்வி கேட்டீங்க? பிள்ளைங்க தலையெழுத்து உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?”

“தப்புதாம்மா.”

“தப்புன்னு சொன்னா ஆச்சா? நல்லா இருப்பீங்களா நீங்கல்லாம்?”

எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சம்பளத்தில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துக்கொள்வது என் பழக்கம். இருந்தாலும் அந்தக் கடைசி வார்த்தை வலித்தது.

மேற்கொண்டு திட்ட அவருக்கு மூச்சு போதவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். மகள் முதுகைத் தடவிவிட்டாள்.

“சரி, விடு” என்று அந்த அம்மா மகளைத் தேற்றினார். “இதுக்குப் போய் அழுவாங்களா? அடுத்த வருஷம் போடலாம். அடுத்த வருஷம் உன்னை அனுப்பாம விடமாட்டேன், பாத்துக்கோ.”

“சரிம்மா” என்றாள் அவள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது முகம். “அடுத்த வருஷம் கண்டிப்பாப் போறேன். நீ இருந்து அனுப்பணும்.”

“நான் எங்கடி போகப் போறேன்?” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா கையை நீட்டித் திரையை அணைத்தார்.