பெஞ்சுக்காரர்களும் நாற்காலிக்காரர்களும்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. கூட்டம் தாங்காமல் அல்ல. எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தாலும் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கும். எட்டு மணிக்காரர்கள் பெஞ்சில்தான் உட்காருவார்கள், பத்து மணிக்காரர்கள் நாற்காலியில்தான் உட்காருவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

முதல் ஆராதனை முடிந்ததும் பெஞ்சுகளைத் தூக்கிப் பின்னால் இருக்கும் கொட்டகையில் போட வேண்டும். கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசை போட வேண்டும். அது எனக்கும் மணியடிப்பவருக்கும் உள்ள வேலை. நான் இரவில் மீன் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். விடிந்ததும் நேராகக் கோயிலுக்கு வந்து பெஞ்சு இறக்குவேன். எட்டு மணிக்காரர்களின் தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். நான் பெஞ்சோடு வாசலில் திரும்பும்போதெல்லாம் சொல்வார்: "படிப்பைத்தான் பாதியில விட்ட. பெஞ்சையாவது பாதியில விட்டுடாதப்பா."

அந்தப் பெஞ்சுகளைச் செய்தவர் என் பெரியப்பா. அம்மாவின் அக்கா புருஷன். தச்சர். கூலி வாங்காமல் செய்து கொடுத்தார் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அளவுக்கு அவை நிமிர்ந்து நின்றன. சாய்மானம் சுவர் மாதிரி இருக்கும். பிரசங்கத்தில் யாரும் தூங்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி இழைத்ததாகப் பெரியப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

பெஞ்சை எடுத்துவிட்டு நாற்காலி போடலாமா என்று சபைக்கூட்டம் போட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "எனக்கு இந்தப் பெஞ்சுல உட்கார்ந்தா முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் காதில் அது விழுந்தது. நாற்காலி வேண்டும் என்று முதலில் கிளப்பியவர் அவர்தான்.

"பாத்தீங்களா!" என்று எழுந்துவிட்டார். "சொந்தக் கொழுந்தியாளே சொல்றாங்க! இதுக்கு மேல என்ன வேணும்?"

பெரியப்பா எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கூட்டம் முடிவுக்கு வராமல் சபை இரண்டு ஆராதனையாகப் பிரிந்தது. அடுத்த வருடம் நெஞ்சடைத்துச் செத்தார். ஏற்கெனவே இருந்த நோய். ஆனால் பெரியம்மாவுக்கு அது நோய் இல்லை. சாவு வீட்டில் அம்மா அழுதுகொண்டே பக்கத்தில் போய் உட்காரப் பார்த்தபோது, பெரியம்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இங்க பெஞ்சுதான் கிடக்கு. உனக்கு முதுகு வலிக்கும். போய் எங்கயாவது நாற்காலி பாத்து உட்காரு."

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு வீடும் ஒரே தெருவில்தான். பெரியம்மா வீட்டுக் குக்கர் விசில் எங்கள் வீட்டில் கேட்கும். அம்மா பத்து மணி ஆராதனைக்கு ஒன்பதரைக்கே போய் வெளிவாசல் பக்கம் நிற்பாள். எட்டு மணிக்காரர்கள் அப்போதுதான் கலைவார்கள். பெரியம்மா அவளைக் கடந்து போவாள், விளக்குக் கம்பத்தைக் கடப்பது மாதிரி. "இன்னிக்கு அக்கா கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருந்தா" என்று அம்மா வீட்டுக்கு வந்து சொல்வாள். வாரம் முழுவதும் அவளுக்கு அது போதும். போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் புதுப் போதகர் வந்தார். இளவயது. தேவைக்கு மேல் நம்பிக்கை உள்ளவர். முதல் மாதம் முழுக்க அன்பைப் பற்றியே பிரசங்கம் செய்தார். எட்டு மணிக்காரர்கள், பத்து மணிக்காரர்களுக்கு நன்றாக உறைக்கும்படி சொன்னார் என்று தலையாட்டினார்கள். பத்து மணிக்காரர்கள், "இதை எட்டு மணிக்கும் சொன்னாரா, இல்ல நமக்கு மட்டுமா?" என்று மணியடிப்பவரிடம் விசாரித்தார்கள்.

ஒருநாள் போதகர் கொட்டகைக்கே வந்தார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஆராதனை, ஒன்பது மணிக்கு. ஆண்டவர் சீஷர்களுக்குக் கழுவின மாதிரி ஒருத்தருக்கொருத்தர் பாதம் கழுவப் போறோம்" என்றார்.

"பெஞ்சா, நாற்காலியா?" என்று கேட்டேன்.

"ரெண்டும். எதிரெதிரா போடுங்க. பெஞ்சுக்காரங்க நாற்காலில, நாற்காலிக்காரங்க பெஞ்சுல."

மணியடிப்பவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இடத்தை மாத்திடலாங்கய்யா. ஆளை எப்படி மாத்துவீங்க?"

"ஆண்டவர் மாத்துவாரு."

"அவரு இத்தனை வருஷமா இங்கதானேய்யா இருக்காரு."

போதகர் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதனால்தான் அவரை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அம்மா ஒரு புதுத் துண்டைத் துவைத்து மடித்து வைத்தாள். "கடையில வாங்கினபடியே கொண்டு போனா தண்ணி உறிஞ்சாது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அவ கால் நீட்டினா போதும். பேசக்கூட வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் வரைக்கும் கூட்டம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. மருந்துக்கடைக்காரர் பெஞ்சில் ஓரமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். எதிரே ஹெட்மாஸ்டர், நாற்காலியின் கைப்பிடியில் கைபடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. நடுவில் பிளாஸ்டிக் பேசின்கள், வெந்நீர் வாளி. பெரியம்மா நாற்காலி வரிசையில் கடைசி. புழுக்கத்திலும் காலில் கறுப்பு சாக்ஸ், மூடிய செருப்பு.

இந்த அளவுக்கு எல்லாம் சரியாகத்தான் போனது. போதகர் மட்டும் ஒரு வாக்கியம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"யார்மேல உங்களுக்கு மனக்குறை இருக்கோ, அவங்ககிட்டப் போங்க. அவங்க பாதத்தைக் கழுவுங்க."

யோசித்துப் பார்த்தால் நல்ல வாக்கியம்தான். ஆனால் எங்கள் ஆட்களைத் தெரிந்தவர் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை. அவர் நினைத்தது, இந்த வரிசை அந்த வரிசைக்குப் போகும் என்று. நடந்தது வேறு. மருந்துக்கடைக்காரர் முன்னால் மூன்று பேர் பேசினோடு வந்து முழங்காலிட்டார்கள். மூன்று பேரும் அவருடைய ஆட்கள், நாற்காலிக்காரர்கள்.

"யோவ், என்மேல உனக்கு என்னய்யா குறை?" என்றார் முதலாமவரைப் பார்த்து.

"கழுவி முடிச்சிட்டுச் சொல்றேண்ணே, காலைக் குடுங்க."

"குறையைச் சொல்லாம காலைத் தொடாதே!"

அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டரின் சொந்த மருமகள் அவர் மனைவி முன்னால் பேசினை வைத்துவிட்டாள். "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தியா?" என்று மாமியார் கத்துவது மைக்கிலும் கேட்டது. போதகரின் மனைவி காலடியில் ஐந்து பெண்கள் வரிசை. அவள் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. தன்னிடம் யாருமே வரவில்லை என்பதற்காக ஒரு கிழவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் அம்மா பேசினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூட்டம் மெல்ல அடங்கியது. எல்லாரும் பார்க்கக் காத்திருந்தது இதைத்தான். அம்மா பெரியம்மா முன்னால் முழங்காலிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா" என்றாள்.

பெரியம்மா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, காலை மட்டும் குடுக்கா."

"தொடாதே."

அம்மா எழுந்திருக்கவில்லை. பேசின் தண்ணீரிலிருந்து வந்த ஆவி நின்றுபோகும் வரை அப்படியே இருந்தாள். பிறகு செருப்பை நோக்கிக் கையை நீட்டினாள். பெரியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பேசின் கவிழ்ந்து தண்ணீர் பெஞ்சுகளுக்கு அடியில் ஓடியது. பெரியம்மா எழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து வாசலைத் தாண்டிப் போனாள்.

"என்ன திமிரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். எந்த வரிசை என்று தெரியவில்லை.

போதகர் அங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னால் ஓடினார். பிறகு நடந்ததைப் பெரியம்மாவின் மருமகள், எனக்கு அண்ணி, எங்களிடம் வந்து சொன்னாள். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். போதகர் தரையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, கடைசியில் சாக்ஸைக் கழற்ற வைத்திருக்கிறார். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப் போயிருந்தன. சர்க்கரைப் புண். இரண்டு மாதமாக யாருக்கும் காட்டாமல் துணி சுற்றி மூடி வைத்திருக்கிறாள். காட்டினால் வெட்டிவிடுவார்கள் என்று பயம். நாற்றம் தெரியக்கூடாது என்று பவுடரைக் கொட்டியிருக்கிறாள்.

"ஐயாதான் தூக்கிக் கார்ல போட்டாரு" என்றாள் அண்ணி. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஆளே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு சின்னத்தை. ஐயா இல்லைன்னா…"

பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.

அம்மாவை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பெரியம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கால்மாட்டில் போர்வை ஒரு பக்கம் தாழ்ந்து. அம்மா வாசலிலேயே நின்றாள். பெரியம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை வந்தது.

"வந்தியா. பாத்தியாடி, அந்த ஆளு பண்ணின வேலையை? ஊர் முன்னாடி என் காலைக் காட்டச் சொல்லிட்டான்."

அம்மாவின் கண் போர்வை தாழ்ந்த இடத்துக்குப் போனது.

"அவன் அந்தக் கூத்தைக் கட்டலைன்னா நான் பாட்டுக்குக் களிம்பு போட்டு ஆத்தியிருப்பேன். இழுத்துட்டு வந்து வெட்டக் குடுத்துட்டான்."

எனக்கு அண்ணி சொன்னது ஞாபகம் இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது. கையைத் தட்டிவிட்டது யார், பேசினைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்பதும் ஞாபகம் இருந்தது. அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "எல்லாம் அவரால வந்ததுதான்."

பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நர்ஸ் வந்து, நோயாளியைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லும்வரை போதகரைத் திட்டினார்கள். போதகரின் மனைவியையும் திட்டினார்கள். நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் செய்தார்கள்.

சபைக்கூட்டம் அடுத்த வாரமே. பெஞ்சையும் நாற்காலியையும் பிரித்துப் போட யாருக்கும் தோன்றவில்லை. கழுவிய அன்று போட்டபடியே கிடந்தன. அவரவர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஹெட்மாஸ்டர் பேசினார், மருந்துக்கடைக்காரர் வழிமொழிந்தார். "அண்ணன் சொன்னதையே நானும் சொல்றேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. போதகரை மாற்ற வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். அம்மா ஒரு கையைத் தூக்கினாள். "அக்காவுக்காகவும்" என்று சொல்லி மறு கையையும் தூக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு.

நான் தூக்கவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

போதகர் சாமானை லாரியில் ஏற்ற நானும் மணியடிப்பவரும் போனோம். வேறு யாரும் வரவில்லை. பேசின்களை என்ன செய்வது என்று மணியடிப்பவர் கேட்டார்.

"தரை துடைக்க வெச்சுக்கோங்க" என்றார் போதகர். பிறகு என்னிடம், "உங்க பெரியம்மா நடக்குறாங்களா?" என்றார்.

"கம்பு வெச்சு நடக்குறாங்க."

"உங்க அம்மா பேசுறாங்களா அவங்ககூட?"

"ம். நல்லாப் பேசுறாங்க."

அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "அப்ப சரி" என்றார். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது ஒரே ஆராதனை. புதுப் போதகர் வரும்வரை ஹெட்மாஸ்டர்தான் ஜெபமும் பிரசங்கமும் செய்கிறார். சபையை ஒருமனப்படுத்தினதற்காக ஒவ்வொரு வாரமும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார். முன்பக்கம் பெஞ்சு, பின்பக்கம் நாற்காலி என்று முடிவாகிவிட்டது. எனக்குத் தூக்கும் வேலை மிச்சம்.

பெரியம்மா முன்வரிசைப் பெஞ்சில் உட்காருகிறாள், பெரியப்பா முதலில் செய்த பெஞ்சு. பக்கத்தில் அம்மா. போன வாரம் பின்னாலிருந்து பார்த்தேன். பிரசங்கம் பாதி போவதற்குள் அம்மாவின் கை மெல்லப் பின்னால் வந்து இடுப்பை அழுத்தியது. பெரியம்மா திரும்பினாள்.

"என்னடி, முதுகு வலிக்குதா?"

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லக்கா" என்றாள். "நல்லா இருக்கு."

ஆராதனை முடியும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.