இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

...அதுவும் பன்னிரண்டே விநாடி, கடிகாரம் வைத்துப் பார்த்தாயிற்று, பல்லவி முடிந்து பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் புல்லாங்குழல் உள்ளே வந்து, மேலே ஏறி, ஒரு சின்ன வளைவு வளைந்து, சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடும், அந்தப் பன்னிரண்டு விநாடிக்காக ஒரு மனிதன் முப்பத்தாறு வருஷம் மனசுக்குள் வழக்கு நடத்துவானா என்றால், நடத்துவான், நான் நடத்தவில்லையா என்று அவர் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்னறை, கொஞ்சம் அசைந்தாலும் கிறீச்சிடுகிற சுழல் நாற்காலி, எதிரே இசைத்தட்டுக்கு அட்டை எழுதுகிற பெண் ஏதோ கம்பியைப் பிடுங்கி வேறெங்கோ சொருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய தட்டை மறுபடி கொண்டுவருகிறார்களாம், இந்தக் காலத்திலும் தட்டு வாங்க ஆள் இருக்கிறதாம், நல்லது, இருக்கட்டும். போன வாரமே தொலைபேசியில் விவரமாகச் சொல்லிவிட்டாள். "சார், இரண்டாம் பக்கம், மூணாவது பாட்டு. பழைய அட்டையில புல்லாங்குழல்னு தாடி சார் பேர் இருக்கு. நீங்க உங்க வாசிப்புன்னு சொல்றீங்க. ஒரிஜினல் டேப் கிடைச்சிருக்கு, வந்து கேட்டுட்டுச் சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அட்டை அச்சுக்குப் போயிடும்." தாடி என்றால் அந்தக் காலத்தில் கூட வாசித்த இன்னொரு குழல்காரர், பட்டப்பெயரே பெயராகிவிட்டவர். இன்று வெள்ளிக்கிழமை, மணி பதினொன்றரை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார், குழலுக்குச் சாட்சி சொல்லப் போகிறவருக்கு இஸ்திரி எதற்கு என்று மனைவிகூடக் கேட்டாள்.

அட்டையில் போய் பெயர் எப்படி சார் தப்பும் என்று இந்தப் பெண் கேட்டபோது சிரிப்புதான் வந்தது, எப்படித் தப்பாமல் இருக்கும் என்று கேளம்மா... யார் என்ன வாசித்தார் என்று அன்றைக்கு எவன் குறித்து வைத்தான், எல்லாம் முடிந்து கடைசியாகக் கிளம்புகிறவர், அநேகமாக அந்த டிரம்ஸ்காரர், ஒரு தாளில் எல்லார் பெயரையும் ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், அவருடைய ஞாபகமோ, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஞாபகம். அப்படித்தான் ஒரு தட்டில் வராத மனிதர் சிதார் வாசித்திருக்கிறார், இன்னொன்றில் ஒரே வயலின்காரர் இரண்டு பெயரில் உட்கார்ந்திருக்கிறார், கோரஸ் பாடிய ஒரு அக்காவின் பெயருக்குப் பதில் அவரைக் கூட்டிவந்த மாமாவின் பெயர், அந்த மாமா தொண்டையைச் செருமினால்கூடச் சுருதி சேராது. பேட்டி என்று உட்காரவைத்தாலோ கேட்கவே வேண்டாம், பேஸ் கிடாரை இந்தக் கூடத்துக்குள் முதன்முதலில் தூக்கிவந்தவன் நான்தான் என்று நாலு பேர் மார்தட்டுகிறார்கள், அதில் ஒருவர் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பொய் இல்லை, பாவம், நம்பித்தான் சொல்கிறார்கள், வயதானால் எல்லாருக்கும் ஞாபகம் பிசகும்.

ஆனால் அவருக்குப் பிசகவில்லை, எப்படிப் பிசகும், அந்த நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறதே, நீலச் சட்டை, வலது கையில் பொத்தான் அறுந்து சுருட்டிவிட்டிருந்தார், சத்தம் போடுகிறதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், வியர்வையில் குழல் உதட்டைவிட்டு வழுக்கியது, அந்தப் பாட்டின் சுருதிக்கு அவரிடம் குழல் இல்லாமல் தாடியின் குழலை வாங்கித்தான் வாசித்தார், கடைசியில் அந்த வளைவு தானாக வந்து விழுந்தது, இசையமைத்த மாஸ்டர் எழுந்து வந்து முதுகில் தட்டி, "அந்த வளைவை விட்டுடாதே" என்றார். தட்டிய கையின் சூடு இப்போதும் தெரிகிறது, இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? தட்டு வந்தபோது அட்டையில் தாடியின் பெயர். சண்டை போட்டாரா? போடவில்லை, போட்டிருக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், தாடி அவராகவே வந்து தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தார், சொல்லாததோடு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார் தாடி, ஒருநாள் எதிரே வந்தவர் இவரைப் பார்த்ததும் மருந்துக்கடைக்குள் நுழைந்துகொண்டார், மகள் கல்யாணத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தும் வரவில்லை. இரவல் பேருக்கே இவ்வளவு மிதப்பா என்று வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. வீட்டில் அந்தப் பாட்டு வந்தால் மனைவி ஒலியைக் கூட்டிவைத்து "உங்க குழல் வருது" என்பாள், மகளின் கைபேசி மணியே அந்த வளைவுதான், மாப்பிள்ளை புதிதாக யாரைப் பார்த்தாலும் அதை ஒலிக்கவிட்டுக் காட்டுவார். இவர்கள் எல்லாரும் புது அட்டையைக் கையில் பிடித்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான், அதற்குமேல் ஆசை இல்லை. போன வாரம் இந்தப் பெண் தாடியையும் கூப்பிட்டுக் கேட்டாளாம், "ஒல்லி சொன்னா சரியாத்தான் இருக்கும், அவன் பேரையே போடுங்க" என்றாராம். பிச்சையா போடுகிறான்? தொப்பை விழுந்து இருபது வருஷம் ஆகிறது, இன்னும் ஒல்லியாம்.

"வெட்டு ஒட்டு எதுவும் இல்ல சார், தட்டுல வந்தது இந்த டேக்தான்" என்று சொல்லி அவள் விசையைத் தட்டினாள். காதுக்குள் முதலில் இரைச்சல், பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமினார்கள், வயலின்காரராகத்தான் இருக்கும், பிறகு மாஸ்டரின் குரல், எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு... "எல்லாரும் தயாரா? என்ன தாடி?" "தயார் மாஸ்டர்." தயார் என்றால் எதற்குத் தயார், சரணத்தில் வேறு குழல் இருந்ததோ, இல்லையே... யோசித்து முடிப்பதற்குள் இன்னொரு குரல், மெல்லிசாக, அவசரமாக, "ஒரு நிமிஷம் மாஸ்டர், தாடிக்கு ஸ்வரத் தாள் சரியுது, நான் பிடிச்சுக்கறேன்." யார் இந்தப் பையன் என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் புரிந்துவிட்டது. அவரேதான். எண்ணிக்கை விழுந்தது, பாட்டு கிளம்பியது, பல்லவி முடிந்தது, குழல் வந்தது, ஏறியது, வளைந்தது, போய்விட்டது.

அன்று காலையில் தாடியின் வண்டி வழியில் நின்றுவிட்டது, இப்போது ஒவ்வொன்றாக வருகிறது, கூடத்திலேயே விட்டுவைத்திருந்த தாடியின் குழலை எடுத்து ஒத்திகை முழுக்க இவர்தான் வாசித்தார், நீலச் சட்டை நிஜம், வியர்வை நிஜம், மாஸ்டர் தட்டியது நிஜம், எல்லாமே நிஜம், எல்லாமே காலையில். சாப்பாட்டுக்குப் பிறகு தாடி வந்தார், குழலை வாங்கிக்கொண்டார், அந்த வளைவை இரண்டு தரம் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இவர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் மூச்சுக்காற்று கையில் படுகிற தூரத்தில்... காலையையும் மதியத்தையும் சேர்த்துத் தைத்தது யார், எப்போது, அட்டையைப் பார்த்து எரிச்சல்பட்ட அன்றா, மனைவி முதல்முறை "உங்க குழல்" என்றபோதா? எதிரே அந்தப் பெண், "நடுவுல தாள் பிடிக்கறேன்னு சொல்றது யாருன்னு தெரியல சார், உங்களுக்குத் தெரியுதா?" என்றாள். தெரியவில்லை என்று சொன்னால் முடிந்தது. தாடிக்குச் சரணத்தில் சின்ன வேலை, இது என் வாசிப்பு என்றால் அவள் எழுதிக்கொள்வாள், தாடியே ஒத்துக்கொண்டாயிற்று, மறுக்க உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. மாப்பிள்ளையின் முகம் வந்தது, மகளின் கைபேசி மணி வந்தது, நாற்காலி கிறீச்சென்றது.

"தாடி பேரே இருக்கட்டும்மா. தாள் பிடிச்சது நான்."

நல்ல பெண், தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தாடியின் எண்ணைக் கேட்டு வாங்கினார், அமுக்கினார், எதற்குக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமலேதான்.

"தாடி, நான்தான். டேப் கேட்டேன். அது நீதான்டா வாசிச்சிருக்க."

"விளையாடாதே ஒல்லி. நீதானே வாசிச்சே? நான்தானே தாள் பிடிச்சேன்?"

"இல்லடா. என் குரல் இருக்கு டேப்ல."

"நான் உன் பேரைத் திருடிட்டேன்னுதானேடா இத்தனை வருஷம்... உன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு... பொண்ணு கல்யாணத்துக்கு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன்டா. உள்ள அந்தப் பாட்டைத்தான் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க."

அவருக்குக் கண் கரித்தது, அழுகையா என்றால் அழுகைதான். இருவரும் ஒரே நாளில் ஒரே அறையில் ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டு, ஒரே பொய்யை நம்பி, ஒருவன் எரிந்து, ஒருவன் ஒளிந்து... மருந்துக்கடைக்குள் நுழைந்தது மிதப்பில் இல்லையா அப்போது? கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"ஒல்லி."

"சொல்லுடா."

"நான் அந்தப் பாட்டு வந்தாலே எழுந்து போயிடுவேன், முழுசா கேட்டதே இல்ல." தாடியின் குரல் கூச்சத்தோடு தாழ்ந்தது. "நல்லா வாசிச்சிருக்கேனா?"

நன்றாகத்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆயிரம் தரம் கேட்ட பாட்டு, ஏறுகிற இடத்தில் மூச்சு கொஞ்சம் பற்றவில்லை என்று தன்மேலேயே குறைப்பட்டிருக்கிறார், வளைவில் தன்னையே மெச்சியிருக்கிறார், தன்னை, தன்னை... தாடி எப்படி வாசித்திருக்கிறான்? அந்தப் பன்னிரண்டு விநாடியை ஒருமுறையாவது கேட்டிருக்கிறேனா நான்?

"இருடா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையைக் காட்டினார்.